சின்னான் ஆஜர்

அந்தமானில் பெரார்கஞ்சில் ராஜகுமாரியின் வீட்டுக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் முதல் நாள் காலையில் ஒரு விஷயத்தில் குழம்பாமல் இருந்ததில்லை. சாலையோரம் நிற்கும் காட்டத்தி மரத்தடியில், கழுத்தில் பைனாகுலரும் காலில் கொசுக்கடியுமாக அண்ணாந்து நின்றுகொண்டிருப்பார்கள். மேலே இலைக்குள்ளிருந்து 'சிப், சிப்' என்று சின்னதாக ஒரு குரல் விழும். உடனே ராஜகுமாரியோ அவள் அண்ணன் சுரேந்திரனோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிக் கையைத் தூக்கி, "சின்னான் ஆஜர்!" என்பார்கள். வந்தவர்கள் யாரோ ஆள் வருகிறான் என்று நினைத்து கேட் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள்.

"ஆள் இல்லீங்க, புல்புல்" என்று சுரேந்திரன் சிரிப்பான். புல்புல்லுக்குத் தமிழில் சின்னான் என்று பெயர். இந்த மரத்துக்கு வருவது அந்தமான் சின்னான். பழுக்கத் தொடங்கிய எலுமிச்சை நிறம், அலட்டல் இல்லாத ஆள், அத்திப்பழம் கிடைத்தால் வேறு நினைப்பே கிடையாது. அதன் குரலை முதலில் கேட்டுச் சொன்னவருக்கு அன்றைய முதல் டீயை மற்றவர் போட்டுத் தரவேண்டும். இது அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் இடையில் எழுதாத சட்டம்.

ஆஜர் என்ற சொல் வேறு இடத்திலிருந்து வந்தது. அவர்கள் குடும்பம் முன்பு கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தது. சிலோனில் தேயிலை பறித்தவர்களைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே ரப்பர் பால் எடுக்க வைத்தார்கள் அல்லவா, அந்தக் கூட்டத்தில் ஒரு குடும்பம். சுனாமி அன்றைக்குக் கடற்கரைப் பக்கம் போன அப்பாவும் அம்மாவும் திரும்பவில்லை. முகாமில் தினமும் பெயர் கூப்பிட்டு ஆள் சரிபார்ப்பார்கள். ராஜகுமாரி அப்போது சின்னப் பெண், பேச்சே வராமல் பாயில் கிடந்தாள். அவள் பெயர் வரும்போதெல்லாம் சுரேந்திரன் தன் கையைத் தூக்கி, "ராஜகுமாரி ஆஜர்" என்று கத்துவான். அவள் உயிரோடு இருக்கிறாள் என்று உலகத்துக்குச் சொன்ன வாய் அது. அதைவிட வேறு எந்த வாயையும் அவள் முழுசாக நம்பியதில்லை.

பிறகு பெரார்கஞ்சில் கொஞ்சம் நிலம் கிடைத்தது. ஒரு பாதி அண்ணனுக்கு, மறுபாதி தங்கச்சிக்கு. காட்டத்தி மரம் தங்கச்சி பாதியில் நின்றது. அந்த மரத்தை நம்பித்தான் அவள் இரண்டு அறை கட்டிப் பறவை பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டாள். மரம் இல்லாவிட்டால் அந்த அறைகளில் எலிதான் தங்கும். சாப்பாடும் இடமும் அவள் பொறுப்பு, வந்தவர்களுக்குப் பறவை காட்டுவது அண்ணன் பொறுப்பு. கைடு சுரேந்திரன் என்றால் சென்னையில்கூட நாலு பேருக்குத் தெரியும்.

காட்டுவதைவிடப் பேசுவதில் அவன் கெட்டிக்காரன். சின்னானை விட்டால் அந்த மரத்தின் பெரிய மனுசன் நீலன். இங்கிலீஷில் ஃபேரி ப்ளூபேர்ட் என்பார்கள். ஆண் பறவையின் முதுகில் வெயில் பட்டால் புதுப் பட்டுப்புடவையைப் பிரித்த மாதிரி ஒரு நீலம், கண் சிவப்பு. அது வந்து உட்கார்ந்ததும் சுரேந்திரன் தன் கச்சேரியை ஆரம்பிப்பான்.

"இந்த ஐயாவ எந்தக் குடும்பத்துல சேக்கறதுன்னு படிச்சவங்க ரொம்ப காலம் அடிச்சிக்கிட்டாங்க. மொதல்ல மாங்குயில் குடும்பம்னாங்க. அப்புறம், இல்ல இல்ல, இவரு இலைக்குருவிக்குத்தான் சொந்தம்னாங்க. ரெண்டு பேரும் பழந்தின்னி, ரெண்டு பேரும் கலரு. கடைசில ரத்தத்தப் பாத்தாங்க. எவன் கூடவும் ஒட்டல. சரி போ, தனிக்குடித்தனம்னு வெச்சிட்டாங்க!"

தனிக்குடித்தனம் என்ற இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். ராஜகுமாரி எத்தனை முறை கேட்டாலும் சிரிப்பாள். சிரிப்பு அடங்கியதும் அவன் இலைக்குள் கையைக் காட்டிக் குரலைத் தாழ்த்துவான். "ஆனா உண்மையான ராஜா இவன்தான், சின்னான். இவனையும் கருந்தலைச் சின்னானோட ஒரு கெளைன்னுதான் வெச்சிருந்தாங்க. இப்ப தனி இனம்னு பிரிச்சாச்சு. நீலன் ஆனைமலையிலயும் இருப்பான், அஸ்ஸாம்லயும் இருப்பான். சின்னான் இந்தத் தீவு தவிர எங்கயும் கெடயாது." சொல்லும்போது அவன் முகத்தில் பெற்றவனுடைய பெருமை இருக்கும்.

தீவில் எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்துத்தான் பேசுவார்கள், ஒன்று லோக்கல், இல்லையென்றால் மெயின்லேண்ட். லோக்கல் கோழி, மெயின்லேண்ட் முட்டை. லோக்கல் வாழைக்காய், மெயின்லேண்ட் வெங்காயம். மனிதர்களுக்கும் இதே கணக்குத்தான். சுரேந்திரன் குடும்பத்தை மட்டும் இரண்டிலும் சேர்க்க மாட்டார்கள், 'சிலோன் பார்ட்டி' என்று மூன்றாவதாக ஒரு மூலையில் வைத்துவிடுவார்கள். அதனாலோ என்னவோ, லோக்கல் என்று எவனும் மறுக்க முடியாத ஒரு பறவை தன் வாசலில் பழம் தின்கிறது என்பதில் ராஜகுமாரிக்குக் கொள்ளைச் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்துக்குக் குறுக்கேதான் சாலை வந்து சேர்ந்தது. வளைவை நிமிர்த்தி அகலப்படுத்தப் போகிறார்கள். இந்தப் பக்கம் எடுத்தால் காட்டத்தி போகும். அந்தப் பக்கம் எடுத்தால் எதிரே உள்ள பாக்குத் தோட்டத்தில் முன்வரிசைகள் போகும். மரத்தில் இந்தத் தீவுக்கே உரிய பறவை ஏதாவது தங்கி உண்கிறதா என்று பார்க்க வனத்துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வருவார், அவர் எழுதுவதை வைத்துத்தான் முடிவு என்று சொல்லிவிட்டார்கள். இதைக் கேட்டு ராஜகுமாரிக்கு உயிர் வந்தது. உரிய பறவையா, தினமும் காலையில் ஆஜர் கொடுக்கிறதே.

ஒரே ஒரு இடத்தில்தான் அவளுக்கு உறுத்தியது. எதிர்த் தோட்டம் பழனிசாமியுடையது. நாமக்கல் பக்கத்திலிருந்து வந்து கான்ட்ராக்ட் எடுத்து முன்னுக்கு வந்தவர், டவுனில் குட்வில் எஸ்டேட் பகுதியில் மாடிவீடு. அவருடைய மகன் ஹரிஹரனுக்குத்தான் சுரேந்திரனின் மகள் திவ்யாவைப் பேசி முடித்திருந்தார்கள். திவ்யா பிறந்த நாளிலிருந்து ராஜகுமாரியின் இடுப்பில் வளர்ந்தவள். அத்தை சீர் என்னென்ன செய்வது என்று ராஜகுமாரி இரவும் பகலும் அதே யோசனையாக இருந்தாள்.

"அண்ணே, மரம் நின்னா அவரு பாக்கு போயிருமே. சம்பந்தி மனசு கோணிக்க மாட்டாரா?" என்று அவள் நேராகவே கேட்டாள்.

"தோட்டம் வேற, சம்பந்தம் வேற குமாரி. நீ ஏன் ரெண்டையும் போட்டுக் கொழப்புற? ஆபீசர் வந்தா நீ வாயத் தொறக்காத. ஒனக்கு வேகம் ஜாஸ்தி, ஹிந்தியும் தடுக்கும். நான் பேசிக்கிறேன்."

அண்ணன் பேசிக்கிறேன் என்றால் அவளுக்கு அப்புறம் என்ன கவலை. அன்றைக்கு வீட்டில் மீன் குழம்பு வைத்து அண்ணன் வீட்டுக்கும் ஒரு சட்டி கொடுத்தனுப்பினாள்.

அதிகாரி ஒரு வெயில் காலையில் ஜீப்பில் வந்து இறங்கினார். பெங்காலிப் பெண், இளவயது, நல்ல மாதிரியான முகம். பழனிசாமியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து நின்றார். ராஜகுமாரியைப் பார்த்து, "நல்ல மரமுங்க அம்மணி, என்னா நெழலு" என்று மனதாரத்தான் சொன்னார்.

"மே கைடு ஹூங், மேடம்" என்று சுரேந்திரன் முன்னால் போனான். கழுத்தில் பைனாகுலர், தலையில் தொப்பி. ராஜகுமாரி சொன்ன சொல் தட்டாமல் இரண்டடி பின்னால் நின்றாள்.

நேரம் நன்றாகத்தான் இருந்தது. நீலன் தன் ஜோடியோடு வந்து இறங்கினான். அதிகாரி வாய்விட்டு "வாஹ்" என்றார். இது லோக்கல் பறவையா, இங்கே மட்டும் இருப்பதா என்று இந்தியில் கேட்டார்.

"நஹி மேடம். மெயின்லேண்ட் மே பி ஹை" என்றான் சுரேந்திரன். மெயின்லேண்டிலும் உண்டு என்று ஆனைமலை, அஸ்ஸாம், பர்மா என வழக்கமான பட்டியலையும் சொன்னான்.

இதில் பொய் ஒன்றும் இல்லை. ராஜகுமாரி தலையாட்டினாள். அடுத்தது சின்னான் என்று காத்திருந்தாள். அண்ணன் எப்போதும் அப்படித்தானே, முதலில் நீலனைக் காட்டிச் சிரிக்க வைத்துவிட்டு, பிறகுதான் குரலைத் தாழ்த்துவான். அவன் குரல் தாழவே இல்லை. பச்சைப்புறா என்றான், மைனா என்றான், எல்லாம் மெயின்லேண்டிலும் உண்டு என்றான். அதிகாரி பேனாவை மூடப் போனார்.

அண்ணன் மறந்துவிட்டான் போல என்றுதான் அந்தப் பைத்தியம் நினைத்தது. பொறுக்க முடியாமல் முன்னால் வந்து, "மேடம், சின்னான்! சின்னான் ரோஜ் ஆதா ஹை" என்றாள். பதற்றத்தில் அந்தமான் புல்புல் என்று சொல்ல வாயில் வரவில்லை. வீட்டில் புழங்குகிற சொல்தான் வந்தது.

அதிகாரி புருவத்தைச் சுருக்கினார். யார் இந்தச் சின்னான், எதற்குத் தினமும் வருகிறார், மரத்தில் அவருக்கும் பங்கு இருக்கிறதா என்று கேட்டார். பெயரைக் கேட்டு ஆள் என்றே நினைத்துவிட்டார். இதே குழப்பத்தைத் தீர்த்து வைப்பதுதான் சுரேந்திரனுக்குத் தினசரி வேலை. ஆள் இல்லீங்க, புல்புல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ராஜகுமாரி ஆசையோடு அவன் முகத்தைப் பார்த்தாள்.

அவன் சிரித்தபடி சொன்னான். "நஹி மேடம். ஹமாரே இதர் கோயி சின்னான் நஹி ஹை."

எங்கள் பக்கம் சின்னான் என்று எவனும் இல்லை. ஆளைக் கேட்டால் உண்மை, பறவையைக் கேட்டால் பச்சைப் பொய். இரண்டுக்கும் நடுவில் வாகாக ஒரு இடம் பார்த்து நின்றுகொண்டான் அண்ணன்.

"புல்புல் மேடம்! அந்தமான் புல்புல்!" என்று ராஜகுமாரி கத்தியே விட்டாள். அதிகாரி மறுபடி பேனாவைத் திறந்தார். அவள் போனை எடுத்து, போன வருடம் விருந்தாளி ஒருவர் எடுத்து அனுப்பிய படத்தைக் காட்டினாள். டீ மேசையிலிருந்தே எடுத்த படம். சின்னானும் இரண்டு இலையும்தான் அதில் தெரியும். அதிகாரி சுரேந்திரனிடம் திரும்பி, எங்கே எடுத்தது என்று கேட்டார்.

"ரிசர்வ் காட்டுல மேடம். கெஸ்ட்டக் கூட்டிக்கிட்டு போனப்ப எடுத்தது. இவளுக்குச் சரியாத் தெரியாது. இந்த மரத்துக்கு வர்றது செம்மீசை புல்புல்தான், எல்லா எடத்துலயும் இருக்கறது." இந்தியில் ஒரு தடவை சொல்லிவிட்டுத் தங்கைக்கும் கேட்கட்டும் என்பது போலத் தமிழிலும் சொன்னான். இவளுக்குத் தெரியாதாம்.

அப்போதுதான் மேலே இலைக்குள்ளிருந்து 'சிப், சிப்' என்று அந்தக் குரல் விழுந்தது.

அவளுக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டது. அவன் வலது கை தானாக இடுப்புவரை எழும்பியதையும், எழும்பிய கை பைனாகுலர் வாரைச் சரிசெய்கிற மாதிரிப் பாவனை செய்ததையும் அவள் கண்ணால் பார்த்தாள். "அண்ணே" என்றாள். "ஆஜர் சொல்லுண்ணே." அவளுக்கே கேட்காத அளவுக்கு மெதுவாகத்தான் குரல் வந்தது.

அதுவும் பறவையா, என்ன சத்தம் அது என்று அதிகாரி கேட்டார்.

"வொயிட்-ஐ மேடம். சோட்டா பட்சி" என்றான் சுரேந்திரன். வெள்ளைக்கண்ணிக் குருவியாம். பெற்ற பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளை என்று சொன்னால்கூட இவ்வளவு வலித்திருக்காது. சின்னான் அடர்ந்த இலையை விட்டு வெளியே வரவில்லை. அதிகாரி சற்று நேரம் அண்ணாந்து பார்த்தார், கழுத்து வலித்தது, கடிகாரத்தைப் பார்த்தார். கைடே இப்படிச் சொல்லும்போது தான் வேறு என்ன எழுத முடியும் என்று ராஜகுமாரியிடம் தணிவாகச் சொன்னார். அவளுக்கு வேறு ஆதாரம் ஏதாவது கிடைத்தால் டெலானிபூரில் தன் அலுவலகத்துக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை.

மறுநாளே சாலை வேலைக்காரர்கள் வந்து மரத்தின் அடியில் சிவப்பு பெயின்ட்டில் ஒரு குறி போட்டுவிட்டுப் போனார்கள். பெயின்ட் காய்வதற்குள் சுரேந்திரன் வந்தான். ராஜகுமாரி குழாயடியில் விருந்தாளி அறைப் போர்வைகளை அலசிக்கொண்டிருந்தாள். அவன் வந்ததைப் பார்த்தும் நிமிரவில்லை.

"கோவமா குமாரி?"

"ஏண்ணே?"

"என்னா ஏன்?"

"சின்னானத் தெரியாதுன்னுட்டியே."

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துச் சுழற்றினான். "மரந்தானே. வேற மரம் வெச்சிக்கலாம். காட்டுல இல்லாத சின்னானா?"

"சம்பந்தி கேட்டாரா?"

"சீச்சீ. அவரு பெரிய மனுசன், ஒரு வார்த்த கேக்கல."

அவள் போர்வையைக் கீழே போட்டாள். பழனிசாமி மிரட்டினார், கல்யாணத்தை நிறுத்துவேன் என்றார் என்று ஏதாவது ஒன்று அண்ணன் வாயிலிருந்து வரும் என்று இரவெல்லாம் நம்பிக்கொண்டிருந்தாள். அப்படி இருந்தால் மன்னித்துவிடலாம் என்று மனதில் இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தாள். "கேக்காமலேவா குடுத்த?" என்றாள்.

"நாமளாப் பாத்து நடந்துக்கிட்டா புள்ளைக்கு அங்க ஒரு மரியாத இருக்கும்ல. நம்மள சிலோன் பார்ட்டின்னு ஒதுக்கற ஊர்ல பொண்ணு எடுக்கறாரு. பாக்கு போச்சுன்னா, அவரு சொல்லாட்டியும் சொந்தக்காரன் நாலு பேரு சொல்லுவான்ல, மருமக வந்த நேரம்னு. ஒனக்கு அதெல்லாம் புரியாது."

"என்னைய ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே வெட்டச் சொல்லியிருப்பேன்ணே. திவ்யாவுக்குன்னா நான் மாட்டேன்னா சொல்லுவேன்?"

"நீ ஒத்துக்க மாட்டன்னு நெனச்சேன்."

"கேட்டுப் பாத்தியா?"

அவன் தொப்பியை மாட்டிக்கொண்டான். "நிச்சயத்துக்கு வந்துரு, அத்தை இல்லாம நல்லாருக்காது" என்று சொல்லிவிட்டு நடந்தான். மரம் போவது அவளுக்கு வயிற்றுப் பிழைப்பு போவது. அது பெரிசுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதையும் தாண்டி நெஞ்சில் குத்தி நின்றது வேறு. ஊருக்கு முன்னால், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இருக்கிற ஒன்றை இல்லை என்று சொன்ன வாய், முகாமில் அவள் பெயருக்குக் கை தூக்கிய அதே வாய். இத்தனை வருடம் அதைப் போய்ச் சாமி வாக்காக வைத்திருந்தோமே என்று அழுகை வந்தது. குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அதற்கு மறுவாரம் புனேயிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்து தங்கினார்கள். முன்பே சொல்லி வைத்திருந்தவர்கள், வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. காலையில் மரத்தடிக்கு அவர்களோடு சுரேந்திரனும் வந்து நின்றான். ஒன்றுமே நடக்காத மாதிரி மாங்குயில் குடும்பம், இலைக்குருவிக் குடும்பம் எல்லாம் சொன்னான். தனிக்குடித்தனம் என்றபோது அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். ராஜகுமாரி டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சின்னானுக்கு இந்த மனுசர்களின் வம்பு எதுவும் தெரியாதே. உச்சியில் பழம் தீர்ந்துவிட்டதோ என்னவோ, அன்றைக்கு அது தாழ இறங்கி, அடிமரத்தையொட்டிய கிளையில், பட்டவர்த்தனமாக வந்து உட்கார்ந்து 'சிப்' என்றது. சுரேந்திரனின் கை படக்கென்று மேலே போனது. "சின்..." என்று வாய் திறந்துவிட்டது. அப்போதுதான் தங்கை பார்ப்பதைப் பார்த்தான். கை பாதியில் நின்றது, வாய் மூடிக்கொண்டது.

"அந்தமான் புல்புல்" என்று ராஜகுமாரி நிதானமாகச் சொன்னாள், இந்த முறை சரியான பெயரை. "உலகத்தில் வேறு எங்கேயும் கிடையாது." புனேக்காரர் அவசரமாகக் கேமராவைத் தூக்கி நாலைந்து படம் எடுத்தார். பறவையும் கிளையும் அதற்குக் கீழே ஈரம் போலப் பளபளக்கும் சிவப்புக் குறியும், அண்ணாந்து நிற்கும் சுரேந்திரனின் தொப்பியும் ஒரே படத்தில் விழுந்தன. "கரெக்ட்தானே கைடு சாப்?" என்று அவர் கேட்டதற்கு, "ஹாங்" என்றான் சுரேந்திரன், தரையைப் பார்த்துக்கொண்டு. அவள் அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

அவன் டீக்குக் கை நீட்டினான். முதலில் கேட்டுக் கை தூக்கியவன் அவன்தான், சட்டப்படி அவனுக்குத்தான் முதல் டீ. அவள் இரண்டு கிளாஸையும் விருந்தாளிகளுக்குக் கொடுத்துவிட்டுத் தட்டோடு உள்ளே போனாள்.

"குமாரி, அந்தப் படத்த என்னா செய்யப் போற?" என்று பின்னாலேயே வந்து கேட்டான். அவள் தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "நான் பொய் சொன்னேன்னு அந்தம்மாகிட்ட சொல்லிராத. கைடு வேலை போயிரும். சம்பந்தி காதுக்குப் போனா மானம் போயிரும். ஒன் அண்ணன்ங்கறத மனசுல வெச்சிக்க." அதைத்தான் அவள் இத்தனை நாளும் மனசில் வைத்திருந்தாள். அவள் புடவை மாற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அண்ணன் பொய் சொன்னான் என்று சொல்வதா, தெரியாமல் சொல்லிவிட்டான் என்று சொல்வதா என்று டெலானிபூர் மேடு ஏறும்வரை மனசுக்குள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பேசிப் பார்த்தாள். முதலாவதைச் சொன்னால் திவ்யாவின் முகம் வந்து நின்றது. இரண்டாவதைச் சொல்ல நாக்கு எழும்பவில்லை. யாருக்குத் தெரியாது, சுரேந்திரனுக்கா? அவளுக்கு அந்தக் குரலைக் காட்டிக் கொடுத்ததே அவன்தானே.

அதிகாரி அடையாளம் கண்டு நாற்காலி காட்டினார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பறவையைப் பார்த்தார், அடிமரத்துச் சிவப்புக் குறியைப் பார்த்தார். மேசையை இரண்டு தட்டுத் தட்டினார். இதுதான், இதே மரம்தான் என்று முகம் மலர்ந்தது. திரும்பவும் வந்து பார்த்து எழுதுகிறேன், அதுவரை மரத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றார். ராஜகுமாரி எழுந்து கும்பிட்டாள். மரம் நின்றுவிடும் போலிருந்தது. சந்தோஷம் மட்டும் ஏனோ இன்னும் வந்து சேரவில்லை.

அப்போது அதிகாரி படத்தின் ஓரத்தில் தெரிந்த தொப்பியைத் தொட்டுக் காட்டினார். இது அன்றைக்கு வந்த உங்கள் கைடுதானே, மரத்தடியிலேயே நிற்கிறார், பிறகு ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டார்.

ராஜகுமாரி அந்தத் தொப்பியைப் பார்த்தாள். வாயில் தயாராக வைத்திருந்த இரண்டு பதிலும் போய்விட்டன. வந்தது அவன் சொல்லிக் கொடுத்த பதில்தான்.

"ஹமாரே இதர் கோயி கைடு நஹி ஹை, மேடம்" என்றாள். எங்கள் பக்கம் கைடு என்று யாரும் இல்லை.

அப்படியானால் அவர் யார்?

"எதிர்ல பாக்குத் தோட்டம் இருக்குல்ல மேடம்" என்று அவள் தடுக்காத இந்தியில் சொன்னாள். "அந்தக் குடும்பம்."